வீட்டு ஃபைபர் இணைப்பு: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

மயிலாடுதுறையில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுத்துவந்தவரே ஃபைபர் இணைய இணைப்பும் தரத் தொடங்கியதும், 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் சேர்ந்தோம். வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், மடிக்கணினியைக் கேபிள் போட்டு இணைத்தால் ஏறக்குறைய அது கிடைக்கிறது. விளம்பரத்தில் காட்டும் மாதக் கட்டணத்தோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்லிமிடெட் என்று சொல்லப்படும் திட்டத்துக்கு மாதம் 3300 ஜிபி வரம்பு இருக்கிறது என்றாலும், எங்கள் வீட்டில் அதன் பாதியைக்கூட யாரும் தொட்டதில்லை.

வைஃபை வேறு கதை. இணைப்பு கொடுக்க வருபவர்கள் கேபிள் மிச்சமாகட்டும் என்று ரூட்டரை வாசலை ஒட்டியே மாட்டிவிட்டுப் போகிறார்கள். கனத்த செங்கல் சுவர் கொண்ட பழைய வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டாவது அறையிலேயே சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அடுக்களை வரை வந்தாலும், அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிப்பதால் வேகம் குறைகிறது. நடுக்கூடத்தில் மாட்டச் சொல்லி முதல் நாளே வற்புறுத்துவது நல்லது.

நான் மிகவும் மெச்சுவது மின்தடையின்போது இது நடந்துகொள்ளும் விதத்தைத்தான். ஃபைபரில் செல்வது ஒளி என்பதாலும், தெருக்கம்பத்துப் பெட்டிக்குள் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத்தரும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதாலும், ஆபரேட்டரின் அறையிலும் நம் வீட்டுப் பெட்டியிலும் மின்சாரம் இருந்தால் போதும். ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்த பிறகு, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும் மதியம் வரை வேலை தடைபடுவதில்லை.

வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான சோதனை. மின்கம்பத்துக்கு மின்கம்பம், வேப்பமரக் கிளைகளுக்கு ஊடாகத் தொங்கும் கேபிள், கிளை முறிந்தால் கூடவே அறுந்துவிடுகிறது. வீட்டுப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ரூட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை. ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். கட்டணமில்லா எண்ணில் புகார் பதிவாகுமே தவிர, வேலை நடப்பது லைன்மேனை நேரடியாக அழைத்தால்தான். சென்ற ஐப்பசியில் அந்த இளைஞர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கேபிளின் மேலுறையை உரித்து, தலைமுடியைப் போன்ற கண்ணாடி இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நறுக்கி, ஸ்ப்ளைசிங் இயந்திரத்துக்குள் வைத்தார். சின்னத் திரையில் இரு முனைகளும் நெருங்கிவந்து ஒரு மின்பொறியில் ஒன்றாயின. வந்துசேரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 21 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27ஐத் தாண்டி இறங்கினால் இணைப்பு தடுமாறும் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்குக் கிளம்பினார்.

சிசிடிவி வைத்திருப்போருக்கு ஒரு தகவல்: இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான பொது ஐபி முகவரி ஒன்றையே பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியூரிலிருந்து வீட்டு ரெக்கார்டரை நேரடியாகத் திறக்க முடியாது. கிளவுட் வழியே இயங்கும் கேமராக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

4கே படம் பார்ப்பதற்கே 25 எம்பிபிஎஸ் தாராளம் என்பதால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு இறங்கிவிட எண்ணியிருக்கிறேன். அதைவிடக் குறைந்த கட்டணத்தில் வேறொரு நிறுவனத்தார் வாரந்தோறும் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஊரில் சொந்த லைன்மேன் கிடையாது என்பதால் மாறுவதாக இல்லை.