பப்பாளி சோப்பா, குளூட்டா ஊசியா?

பிலிப்பைன்ஸில் மாநிறத்துக்குக் ‘கயுமாங்கி’ என்று அழகான பெயரே உண்டு. ஆனாலும் பல வீடுகளில் ‘மபுத்தி’, அதாவது வெள்ளைத்தோல், என்றால்தான் அழகு. வெளுக்க நினைப்பவர்கள் முன்னால் இருப்பவை இரண்டு: பப்பாளி சோப்பும், குளூட்டா, அதாவது குளூட்டாதயோன் என்ற மருந்தின் ஊசியும்.

செலவு: சோப்பு தெருமுனையில் ‘சாரி-சாரி’ எனப்படும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஊசிக்குப் பல தடவை போகணும், நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும்.

வேலை: பப்பாளியில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி, தோலின் இறந்த செல்களை உரிக்கும். கோஜிக் அமிலம் சேர்ந்த சோப்பு, தோலுக்கு நிறம் தரும் மெலனினைக் குறைக்கும். ஆரஞ்சு நுரையைப் பூசி அதிக நேரம் ஊறவிட்டால் கழுத்து மடிப்பு சிவந்து எரியும், வெயிலும் தாங்காது.

ஆபத்து: இங்கேதான் எனக்கு மனசு பதறுகிறது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் குளூட்டாதயோன் ஊசிக்கு அனுமதி தந்தது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் செய்யும் கீமோ சிகிச்சைக்குத் துணை மருந்தாகத்தான். வெளுப்பதற்குப் போட்டால் ஈரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம் என்று 2019இல் எச்சரித்தது. அழகு நிலையத்து நாற்காலியில் டிரிப் ஏற்றிக்கொள்வது விளையாட்டில்லை.

பருத்தழும்பு, கருந்திட்டு மங்கணும் என்றால் கோஜிக் சோப்பு போதும், கூடவே சன்ஸ்கிரீன் கட்டாயம். உடம்பு முழுக்க வெளுக்கணும் என்றால் ஊசி வேண்டவே வேண்டாம், கயுமாங்கி நோயில்லை.