கலயப் பாசனம்: ஷார்ஜாவில் ஐந்து வருஷம், திருத்துறைப்பூண்டியில் ஆறு வருஷம்

ஷார்ஜாவில் எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மணல் தரை இருந்தது. கலயப் பாசனம் பழகியது அங்கேதான். வர்ணம் பூசாத மண் கலயத்தை, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காயக் காய ஓடு வழியாகக் கசியும்; மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறைந்துவிடும். ஜூலையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவிட்டு, விடியற்காலையில் ஊற்றுவேன். நிழல்வலைக்குக் கீழே கத்தரியும் புதினாவும் கோடையைத் தாண்டின.

ஊருக்குத் திரும்பி அதையே செய்தபோது மாமியார் சிரித்தார். "ஆத்துல தண்ணி வர்ற ஊருல எதுக்கும்மா பானையப் பொதைக்கிற?" ஆற்றில் வருவது சரிதான். ஆனால் மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலை அது எட்டுவதற்குள் கத்திரி வெயில் முடிந்திருக்கும். சித்திரை, வைகாசியில் கொல்லைக்குப் போர்த் தண்ணீர்தான், அதுவும் உப்பு.

முதல் கோடையில் கலயம் காலை வாரியது. மணலில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும் என்பதால் ஷார்ஜாவில் செடியைக் கலயத்திலிருந்து அரைச் சாண் தள்ளித்தான் வைப்பேன். இங்கே களிமண்ணில் ஈரம் பக்கவாட்டில் நன்றாகப் பரவும், ஒரு சாணுக்கு மேலேயே வைக்கலாம். சிக்கல் வேறு இடத்தில். ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் களிமண் சுருங்கிக் கலயத்தை விட்டு விலகிவிடுகிறது. விரல் நுழையும் இடைவெளி! ஓடு மண்ணைத் தொடாவிட்டால் கலயம் நிறைந்திருந்தும் செடி வாடும். இப்போது குழியை அகலமாக வெட்டி, மணலும் மக்கிய எருவும் கலந்து கலயத்தைச் சுற்றி அடைக்கிறேன். மேலே வைக்கோல் போட்டால் நல்லது, கூடவே கறையானும் வரும்.

அதைவிடப் பெரிய அடி ஐப்பசியில். ஷார்ஜாவில் நவம்பர்தான் நடவுக்குத் தங்கமான மாதம். கொத்தமல்லி, தக்காளி, கீரை எல்லாம் அப்போதுதான். அந்தக் கணக்கில் இங்கேயும் மிளகாய் நாற்றை வைத்தேன். மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் பார்த்தால், மூடி போட்டிருந்த காலிக் கலயங்கள் சேற்றைப் பிளந்துகொண்டு மேலே வந்து சாய்ந்து கிடக்கின்றன, மிளகாய் வேரையும் தூக்கிக்கொண்டு. மிச்ச நாற்றெல்லாம் வேர் அழுகிப் போயிற்று. அதிலிருந்து புரட்டாசிக் கடைசியில் கலயங்களைத் தோண்டி எடுத்துவிடுவேன். தையில் மறுபடி புதைப்பு. கொத்தமல்லிக்கும் இங்கே தைதான்.

உப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கோடை ஓடினாலே கழுத்தில் வெள்ளையாகப் பூக்கும், கசிவு மந்தமாகும். முன்பு இரண்டு நாளில் காலியான கலயம் நாலு நாள் ஆனாலும் பாதியில் நிற்கும். தோண்டி எடுத்ததும் மழைத்தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, புளித்தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கிறேன். புதுக்கலயம் போல ஆகாது. என் கணக்கில் ஒரு கலயத்துக்கு ஆயுள் மூன்று வருஷம்.

கத்தரி, மிளகாய், பாகல் மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். புதினாவைக் கழுத்தை ஒட்டி ஊன்றினால் கேட்கவே வேண்டாம். கீரைக்கு வேண்டாம், விதை மேல்மண்ணில் கிடக்கும், ஈரமோ கீழே இருக்கும், பூவாளிதான் சரி. மூடி மட்டும் கட்டாயம், இல்லாவிட்டால் கொசு வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

வாங்கும்போது தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் வியர்க்க வேண்டும். பொங்கலுக்குக் குவித்து விற்கும்போது விலை படியும், ஆனால் பாதிக்கு மேல் வர்ணம் அடித்தவை, அவை கசியாது. எனக்கு இந்தத் தடவை நாலு தேவை. பொங்கப் பானையோடு வர்ணம் அடிக்காததாக எடுத்து வைக்கும்படி குயவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.