டென்வரிலிருந்து டிரெய்லரோடு கலிபோர்னியா: 70-ஆ, 80-ஆ, 40-ஆ?

டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் வெறும் காரில் போக யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. போனில் ஊர்ப் பெயரைப் போட்டால் ஐ-80 (80-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை), 1,250 மைல் சொச்சம் என்று வரும். ஐ-70-இல் போய் யூட்டாவில் யூஎஸ்-6 என்ற பழைய நெடுஞ்சாலையைப் பிடித்தாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். பின்னால் 22 அடி டிரெய்லர் தொங்கும்போதுதான் கணக்கு கலைகிறது. நாம் 5,000 பவுண்டு இழுத்துக்கொண்டு போகிறோம் என்பது போனுக்குத் தெரியாதே.

அழகுக்கு ஐ-70-ஐ அடிக்க ஆளில்லை. ஆனால் டென்வரை விட்டு ஒரு மணி நேரத்துக்குள் 11,158 அடி உயரத்தில் ஐசன்ஹவர் சுரங்கம் வந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும், அதாவது சுரங்க வாசலில் மூன்றில் ஒரு பங்கு காலி. அது போகட்டும், வலது லேனில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தாவது ஏறிவிடலாம். வயிற்றைக் கலக்குவது அந்தப் பக்கம் சில்வர்தோர்ன் வரையிலான 7 சதவீத இறக்கம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வெய்ல் பாஸ் (Vail) என்ற கணவாய், 10,662 அடி. அதற்கும் அதே மாதிரி ஓர் இறக்கம். பிரேக் போன லாரிகள் பாய்ந்து ஏறி நிற்க ஓரத்தில் சரளைக்கல் மேடுகள் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் கிராண்ட் ஜங்ஷன் போனபோது அந்த வெய்ல் இறக்கத்தில் நான் செய்த முட்டாள்தனம் இன்னும் மறக்கவில்லை. ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது நம்மூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். நான் கியரை டிரைவிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தபடி இறங்கினேன். கீழே நிறுத்தியதும் தீய்ந்த நாற்றம், டிரெய்லர் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

இதோடு கிளென்வுட் பள்ளத்தாக்கு வேறு. 2020-இல் எரிந்த மலைச்சரிவு 2021 மழையில் சரிந்து சாலையை மூடியது. மூடினால் சுற்றுவழி பல மணி நேரம். யூஎஸ்-6-இல் திரும்பாமல் லாஸ் வேகஸ் பக்கம் நேராகப் போகிறவர்கள் கிரீன் ரிவரில் டேங்க்கை நிரப்பிவிட வேண்டும். அங்கிருந்து சலைனா வரை ஏறத்தாழ 110 மைலுக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. தனியாகக் கேலனுக்கு 20 மைல் கொடுக்கும் வண்டி டிரெய்லரோடு 10 கொடுத்தால் பெரிது.

ஐ-80-க்கு மலை பயம் குறைவு, காற்று பயம் அதிகம். அதன் உச்சி வயோமிங்கில் லாராமிக்குக் கிழக்கே 8,640 அடி. டென்வர்க்காரர்கள் யூஎஸ்-287-இல் லாராமி போய்விட்டால் அதுவும் மிச்சம். சிக்கல் லாராமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, எல்க் மலையடியில். பழைய யூஎஸ்-30 இந்த இடத்தை ஒதுக்கி மெடிசின் போ வழியாக வடக்கே வளைந்து போகிறது. இன்டர்ஸ்டேட் போட வந்தவர்கள் ஏறத்தாழ 20 மைல் மிச்சம் என்று நேர்கோடு இழுத்தார்கள். அங்கே காற்றும் பனியும் தாங்காது என்று உள்ளூர்க்காரர்கள் தலையால் அடித்துக்கொண்டதை யாரும் கேட்கவில்லை. 1970 அக்டோபரில் திறந்து சில நாளிலேயே புயலில் மூடினார்கள். இன்றும் அந்தத் துண்டில் ஆர்லிங்டன் பக்கம் மேட்டின் மேல் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். காற்றாலை நடுகிற இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று ஆரல்வாய்மொழிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டிரெய்லரின் பக்கச்சுவர் ஒரு பாய்மரம். காற்று மிஞ்சினால் வயோமிங் நெடுஞ்சாலைத் துறை பாரம் குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடும். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நாம்தான். பலகையில் மணிக்கு 75, 80 மைல் என்று போட்டிருந்தாலும் 60-ஐத் தாண்டாதீர்கள். டிரெய்லருக்கென்றே வரும் டயர்களில் நிறைய 65 மைலுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. வால் ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கைத் தொடாமல், காருக்குள் இருக்கும் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதைக் காரோடு கோக்கும் ஹிட்ச்சின் மேல் இறங்கும்படி சாமான் அடுக்கியிருந்தால் அந்த ஆட்டமே பெரும்பாலும் வராது.

ராலின்ஸ் தாண்டினால் நிம்மதி. உப்புப் பாலைவனம், அப்புறம் எல்கோ, வின்னமக்கா என்று ஊர் ஊராக நெவாடா. கடைசியில் 7,239 அடியில் டோனர் பாஸ். 1846-இல் மாட்டுவண்டிகளோடு கிளம்பி, குறுக்குவழி என்று அதே உப்புவெளியில் இறங்கி நாட்களைத் தொலைத்து, இந்தக் கணவாயில் பனியில் சிக்கியவர்களின் பெயர் அது. கோடையில் ஒன்றும் செய்யாது. குளிர்காலத்தில் பனி கொட்டினால் சக்கரச் சங்கிலி இல்லாமல் விடமாட்டார்கள்.

குளிர்காலம் என்றால் ஐ-40-தான், யோசிக்கவே வேண்டாம். ஐ-25-இல் தெற்கே ஆல்புகர்க்கி இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் 1,500 மைல் பக்கம், ஒரு ராத்தங்கல் கூடும். வழியில் ரட்டோன் பாஸ் 7,834 அடி, ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் 7,335. இரண்டுமே ஐ-70 இறக்கங்களுக்கு முன் சாது. கோடையில் மட்டும் நீடில்ஸ் பக்கம் வெயில் 110 டிகிரியைத் தாண்டும், டயர் வெடிக்க வாகான இடம். கலிபோர்னியாவுக்குள் எந்த வழியாக நுழைந்தாலும் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல்தான். போன் காட்டும் நேரத்தில் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது செப்டம்பரில். ஐ-80-ஐத் தேர்ந்து, முதல் நாள் லாராமியோடு நிறுத்திக்கொண்டோம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் மாதம் அது. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி ராலின்ஸில் பெட்ரோல் போட நின்றபோது மணி ஏழேகால். பங்க்கில் கட்டியிருந்த கொடி அப்போதுதான் ஆட ஆரம்பித்திருந்தது.