குண்டுக்கரிச்சானா, கருஞ்சிட்டா?

இரண்டு பறவையிலும் ஆண் கறுப்பு, இறக்கையில் வெள்ளை; இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு தரையில் பூச்சி பொறுக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வயிற்றுப் பக்கம் பாருங்கள். ஆண் குண்டுக்கரிச்சானுக்கு நெஞ்சு கறுப்பு, வயிறு வெள்ளை. வாலின் ஓர இறகுகளும் வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல். கருஞ்சிட்டு ஆணுக்கு வயிறும் வாலும் கறுப்பு, வாலடியில் மட்டும் செங்காவி. அதன் தோள் வெள்ளை உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும்; பறந்தால்தான் பளிச்சென்று தெரியும். இறக்கையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பெண் கருஞ்சிட்டு பழுப்பு. தோளில் வெள்ளையே கிடையாது, வாலடிச் செங்காவி உண்டு. வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் எந்த நிறமும் கறுப்பாகிவிடும், சூரியனை முதுகுக்கு விட்டு நில்லுங்கள்.

இடமும் கைகொடுக்கும். கிணறும் நிழலும் உள்ள தென்னந்தோப்பு, வீட்டுத் தோட்டம் என்றால் குண்டுக்கரிச்சான். உடைமரம், சீமைக்கருவேல், பனையடி வெட்டவெளி என்றால் கருஞ்சிட்டு. இது விதியல்ல, சாய்வுதான்.

பாட்டில் குண்டுக்கரிச்சானுக்கு ஈடில்லை. இனப்பெருக்கக் காலத்தில் விடியுமுன்பே உச்சிக்கிளையில் அமர்ந்து, ஏற்ற இறக்கத்தோடு நீளமாகச் சீட்டியடிக்கும். மற்ற பறவைகளின் குரலையும் கலந்துவிடும் என்பதால் ஒரு துணுக்கைக் கேட்டு முடிவு கட்டாதீர்கள். கருஞ்சிட்டு தாழ்ந்த புதரிலோ கல்லிலோ இருந்து சின்னச் சின்னச் சீட்டிகளோடு நிறுத்திக்கொள்ளும். கடற்காற்று கிளம்பிவிட்டால் அது காதில் விழாது, காலையிலேயே போய்விடுங்கள்.