புது டயர் என்று சொல்லி 2018-ஐ மாட்டிவிட்டார்கள்: 52,000 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது. எரிகிற சூட்டிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆறிப்போனால் "விடு, நம்ம தலையெழுத்து" என்று நானே சும்மா இருந்துவிடுவேன். நாலு டயர், 52,000 ரூபாய். பிக்கப், ஜீப் வைத்திருப்பவர்கள் டயர் எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது 2017 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். வீடு கீழே பட்டிவீரன்பட்டியில். அதனால் தினமும் மலை ஏறி இறங்கியாக வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் இந்த வண்டிதான், வத்தலக்குண்டுக்கு மளிகை வாங்கப் போவதும் இதுதான். ஓட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் தார் ரோடு. ஆனால் தோட்டத்துக்குள் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அதைப் பாதை என்று சொல்ல முடியாது, களி. போன வருடம் பழம் பறிக்கிற சமயத்தில் இரண்டு தடவை டிராக்டர் வைத்து இழுத்துத்தான் வண்டியை வெளியே கொண்டுவந்தோம்.

டயர் விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வண்டியோடு வந்தது எச்.டி., அதாவது தார் ரோட்டுக்கான டயர். சத்தம் இல்லாமல் ஓடும், மைலேஜ் கொடுக்கும், களியைப் பார்த்தால் கொழுக்கட்டை மாதிரி மண்ணை அப்பிக்கொண்டு சும்மா சுற்றும். எம்.டி. என்பது பட்டன் டயர். கட்டைகள் பெரிசு, இடைவெளியும் பெரிசு, சேற்றைக் கவ்விப் பிடித்து உதறிவிடும். ஆனால் அதே இடைவெளியால் தார் ரோட்டில் ரப்பர் படுகிற இடம் குறைவு. ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நம்ப முடியாது, 60-ஐத் தாண்டினால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இரைச்சல், தாரில் தினமும் ஓட்டினால் கட்டை சீக்கிரம் தேய்ந்தும் போகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.டி. என் ஓட்டத்துக்கு அதுதான் சரி என்று இரண்டு மாதம் விசாரித்து முடிவு செய்திருந்தேன். சைஸ் 245/70 ஆர்16. லோடு இண்டெக்ஸ் 111-க்குக் குறையக் கூடாது, அதாவது ஒரு டயர் 1090 கிலோ தாங்க வேண்டும். பின்னால் மூட்டை ஏற்றுகிறவனுக்கு இது முக்கியம். இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம், நாலைந்து கம்பெனி டயரும் வைத்து விற்கிற இடம், அலைன்மென்ட் மிஷின், ஏசி ரூம், காப்பி மிஷின் எல்லாம் உண்டு. அவ்வளவு போதும்.

கவுன்டரில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "வாங்கண்ணே, வி-கிராஸா? அருமையான வண்டிண்ணே" என்று ஆரம்பித்தார். எடுத்ததுமே எம்.டி.யைக் காட்டினார். வேண்டாம் என்றேன். அடுத்து அதைவிடப் பெரிய சைஸ் 265/70 போடச் சொன்னார், "வண்டி சும்மா கும்முனு நிக்கும்ணே." அதையும் வேண்டாம் என்றேன். டயர் விட்டம் 28 மில்லிமீட்டர் கூடும், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ல் போகும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே உரசினாலும் உரசும் என்று நானே அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் கண்ணை விரித்துக் கேட்டார். "அண்ணே, உங்கள மாதிரி விவரம் தெரிஞ்ச கஸ்டமர் மாசத்துக்கு ஒருத்தர் வந்தாப் பெருசு" என்றார்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். இப்போது புரிகிறது. அன்றைக்குக் குளுகுளுவென்று இருந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்குன்னா ஒரு ஐட்டம் இருக்குண்ணே, குடோன்ல. ஃபாரின் ஏ.டி., ஒரே ஒரு செட்டுதான். இப்ப இம்போர்ட் கட்டுப்பாடு வந்துருச்சு, தேடினாலும் கிடைக்காது" என்றார். 2020-ல் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது உண்மை. எனக்கே தெரியும். அப்படியென்றால் குடோனில் கிடக்கிற இந்த செட் எந்த வருடம் கப்பலில் வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. சைஸ் சரி, லோடு இண்டெக்ஸ் சரி, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தது. எல்லாம் நான் கேட்டபடி.

ஒரு டயர் 14,000. நாலுக்கு 56,000. பழைய நாலு டயரையும் தலைக்கு ஆயிரம் என்று கழித்து 52,000. பில் கேட்டேன். "போட்டா ஜி.எஸ்.டி. 18 பெர்சன்ட் வரும்ணே, 66,000 சொச்சம் ஆகும். முன்னாடி 28 இருந்துச்சு, செப்டம்பர்ல குறைச்சுட்டாங்க, இருந்தாலும் காசு காசுதானே. வாரண்டிக்கு நான் இருக்கேன்ல" என்றார். பத்தாயிரம் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். என் தப்புதான், மறைக்கவில்லை. 40,000 போனில் அனுப்பினேன், 12,000 கையில் கொடுத்தேன். போனில் வந்த பெயர் கடைப் பெயர் இல்லை, ஏதோ ஒரு பெண்ணின் பெயர். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் விட்டேன். கையில் கிடைத்தது பெயர் அச்சடிக்காத ஒரு எஸ்டிமேட் சீட்டு.

டயர் மாட்டும்போது ஏசி ரூமில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். வெளியே வந்து பார்த்தால் நாலும் கன்னங்கரேல் என்று எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி நின்றன. புது டயரில் இருக்குமே ரப்பர் ரோமம், அதுகூட இருந்தது. போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

முதல் பத்து நாள் மழை இல்லை, ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் தூறல். பின்னால் ஆறு மூட்டை காப்பிக்கொட்டை, முன்னால் மகள். இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு, நான் இருபத்தைந்தில்தான் வந்தேன். பிரேக்கில் கால் வைத்ததும் பெடல் கடகடவென்று துடித்தது. ஏ.பி.எஸ். வேலை செய்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், மூக்கு நேராகப் போகிறது. வெள்ளையடித்த ஓரக் கல்லுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. கீழே இருந்து பஸ் ஏறி வருகிற ஹாரன் சத்தம். மகள் ஒன்றுமே பேசவில்லை, சீட் பெல்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் பஞ்சர் கடைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் டயரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தை ஒரு கட்டையில் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. "தம்பி, எப்ப வாங்குனீங்க?" என்றார். மூணு வாரம் என்றேன். வெளிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, "தேதி இந்தப் பக்கம் இல்லையே" என்று ஜாக்கி போட்டுக் கழற்றினார். உள்பக்கத்தைத் துணியால் துடைத்து, எழுத்து புடைத்திருந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்தார். முட்டை வடிவக் கட்டத்துக்குள் வெள்ளையாக எழுந்து வந்தது: 2318.

டயர் தயாரான தேதி அது: 23-வது வாரம், 2018. ஏழு வருடத்துக்கு முந்தைய ஜூன். இன்னும் இரண்டு டயர் அதே 2318. நாலாவதில் 4117. அதாவது 2017 அக்டோபர். ஒரே செட் என்று சொன்னதுகூட பொய். தேதியோடு முழு எண் பல டயரில் ஒரு பக்கம்தான் இருக்கும். நாலு டயரிலும் அந்தப் பக்கத்தைப் பார்த்து உள்ளே தள்ளி மாட்டியிருக்கிறார்கள். தற்செயலாக நாலும் அப்படி அமையுமா? பாலீஷ் போன இடத்தில் கட்டைகளின் அடியில் தலைமுடி கனத்துக்கு விரிசல். ஓடாத டயர்தான், புதுசு என்று சொன்னதில் பொய் இல்லை. ஏழு வருடம் குடோனில் காய்ந்து, ஈர ரோட்டைப் பிடிக்காத அளவுக்கு இறுகிப்போன புதுசு.

இனிமேல்தான் கூத்து. அன்றைக்கே போன் செய்தேன். "நாளைக்கு நேர்ல வாங்கண்ணே, பேசிக்கலாம்." திங்கட்கிழமை போனால் அந்தத் தம்பி லீவு. ஓனர் காப்பி வரவழைத்தார். சாக்பீஸ் தேய்த்த போட்டோவைக் காட்டினேன். சிரித்தார். "டயருக்கு என்ன சார், பால் பாக்கெட் மாதிரி எக்ஸ்பயரியா இருக்கு? கம்பெனிக்காரனே பத்து வருஷம்னு சொல்றான். குடோன்ல நிழல்ல இருந்த சரக்கு." பத்து வருடம் என்பது எவ்வளவு நல்லா இருந்தாலும் அதற்கு மேல் ஓட்டாதே என்று போடுகிற கெடு. அதில் ஏழைக் கழித்துக்கொண்டு என்னிடம் முழு விலை வாங்குவதற்கான கணக்கு இல்லை. சொன்னேன். "கம்பெனி ரெப் புதன்கிழமை வருவார், போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

வியாழன் மறுபடி போனேன். இந்தத் தடவை காப்பி இல்லை. "பில் இருக்கா சார்?" சீட்டை நீட்டினேன். "இதுல எங்க கடை பேர் எங்க இருக்கு?" அந்தத் தம்பி பக்கத்திலேயே நின்றார். மூன்று வாரம் முன்னால் அண்ணே அண்ணே என்று உருகியவர், என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்கதானே வித்தீங்க?" என்றேன். "ஓனர்ட்ட பேசுங்க சார்" என்றார். அண்ணே சார் ஆகிவிட்டது.

கடைசியாக ஓனர் ஒரு வழி சொன்னார். இந்த நாலையும் தலைக்கு 2,000-க்கு எடுத்துக்கொள்வாராம், நான் மேலே காசு போட்டு வேறு செட் வாங்கிக்கொள்ளலாமாம். 52,000 கொடுத்த டயருக்கு மூன்று வாரத்தில் 8,000!

வெளியே வரும்போது வாசலில் செகண்ட் ஹேண்ட் டயர்கள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வடு. போன வருடம் தோட்டத்துக் கல்லில் நான் உரசிய வடு. ஆயிரம் ரூபாய்க்கு என்னிடம் எடுத்த என் டயர், விலை கேட்டால் 3,500.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் போன விவரம், சீட்டு, டயர் போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பில் இல்லாமல் போய் நிற்பது எவ்வளவு பலவீனம் என்று எனக்கே தெரிகிறது.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். மணி பதினொன்றரை ஆகிவிட்டது, காலையில் ஆள் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். சுருக்கமாக: டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் நாலிலும் அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள், போட்டோ எடுங்கள். மாட்டும்போது ஏசி ரூமுக்குள் போகாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். பில் இல்லாமல் ஒரு வால்வு மூடிகூட வாங்காதீர்கள், பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பணத்தைக் கடைக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தினமும் தார் ரோட்டில் ஓட்டுகிறவர் பட்டன் டயர் அழகுக்கு மயங்காதீர்கள். பழைய டயரை அங்கேயே கழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நான் கொண்டுவந்திருந்தால் இன்றைக்கு அதையே திருப்பி மாட்டியிருப்பேன்.

இப்போதைக்கு மச்சான் தன் ஜீப்பைக் கொடுத்திருக்கிறான். மகள் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகிறாள். அப்படியானால் எந்த டயர்தான் வாங்கலாம் என்று யாரும் கேட்காதீர்கள். டயர் வாங்குகிற காசு அந்தக் கண்ணாடிக் கடையில் இருக்கிறது.