பெர்முடாவா, கொரியன் புல்லா: உரம் போட்டால் வேர் என்ன ஆகும்?

வீட்டு லான் போட நர்சரிகளில் அதிகம் கிடைப்பவை பெர்முடாவும் கொரியன் புல்லும். பெர்முடாவுக்கு முழு வெயில் வேண்டும், கொரியன் அரை நிழலிலும் பிழைக்கும். இது பலருக்கும் தெரியும். கோடையில் தண்ணீர் குறையும்போது லானைக் காப்பது வேரின் ஆழம். வேரை ஆழப்படுத்துவதும் மேலேயே நிறுத்திவிடுவதும் நாம் போடும் யூரியாதான். வெயில் படும் இடம் என்றால் நான் பெர்முடாவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பெர்முடா நம் அருகம்புல்லின் இனம். மண் இறுகாமல் இருந்தால் வேர் ஓரடிக்குக் கீழும் இறங்கும். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால், இலை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி புதுத் தளிருக்கே செலவாகும். வேருக்குப் பங்கு குறையும். மேலே கரும்பச்சை, வாரம் இரண்டு முறை வெட்டும் அளவுக்கு வளர்ச்சி. கீழே வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றாலே இலை சுருளும். அதற்காக உரமே போடாமல் விடுவதும் தவறு. இலை வெளிறினால் வேருக்கு அனுப்பவே சர்க்கரை இருக்காது.

100 சதுர அடி பெர்முடாவுக்கு மாதம் 50 கிராம் யூரியா, 25 கிராம் பொட்டாஷில் தொடங்கலாம். 100 கிராம் யூரியாவைத் தாண்ட வேண்டாம். மணல் மண்ணில் உரம் அடித்துச் செல்லப்படும். அதே அளவை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இலை காய்ந்திருக்கும் மாலையில் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் கருகும். நனைக்காமல் விட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

கொரியனுக்கு அதே 50 கிராம் யூரியா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பெர்முடா அளவுக்குப் போட்டால் மண்ணுக்கு மேல் காய்ந்த தண்டும் வேரும் மெத்தைபோல் சேரும். புது வேர் மண்ணை விட்டு அந்த மெத்தைக்குள்ளேயே ஓடும்; அங்கே ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். மேடு பள்ளமாக லான் பொங்குவதும் இதனால்தான். நிழலில் உரத்தை இன்னும் குறையுங்கள்.

எந்தப் புல்லானாலும் நடுவதற்கு முன் 100 சதுர அடிக்கு சுமார் 300 கிராம் சூப்பர் பாஸ்பேட்டை அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். இதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது. பிறகு மேலே தூவினால் ஆழத்து வேருக்கு எட்டாது. மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் தேவையில்லை.

அளவு சரியா என்று பார்க்க, லானின் ஓரத்தில் அரையடி ஆழத்துக்கு ஒரு கட்டி வெட்டியெடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளை வேர் கட்டியின் அடிவரை இருந்தால் அதே அளவைத் தொடரலாம். மேல் இரண்டு அங்குலத்திலேயே நின்றிருந்தால் அடுத்த மாத யூரியாவை நிறுத்திவிட்டு, வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தாலும் வேர் வளர்ச்சி நின்றுபோகும்.