வீடு மாறிய பிறகு முதல் பயணம்: திருகோணமலையா, நயினாதீவா, மன்னாரா?

போன வருஷம் தை மாதம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு வீடு மாறினோம். பால் காய்ச்சி, பெட்டிகளில் பாதியைப் பிரித்து, மீதியைச் சுவரோரம் அடுக்கி, பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து முடிப்பதற்குள் எல்லோரும் களைத்துவிட்டோம். வந்த அன்றைக்கே நல்லூர்க் கோயிலுக்குப் போயாயிற்று. அது கணக்கில் வராது. அம்மாவுக்கு நிறைவேற்றவேண்டிய நேர்த்திகள் இருந்தன. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். இவருக்கு வானை நிம்மதியாக ஓட்ட நல்ல றோட்டு வேண்டும். மூன்றும் சேரும் பயணம் எது என்று இரவுச் சாப்பாட்டோடு பல நாள் கதைத்தோம். ஒரு வருஷத்துக்குள் மூன்று பக்கமும் போய்வந்துவிட்டதால் இப்போது கொஞ்சம் துணிந்து சொல்லலாம்.

கீரிமலை, மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி, வல்லிபுரம் எல்லாவற்றையும் இதில் சேர்க்கவில்லை. ஒரு பின்னேரத்தில் போய்வந்துவிடலாம். சாப்பாடு கட்டாமல் போகிறதை எங்கள் வீட்டில் பயணம் என்று சொல்வதில்லை.

நாங்கள் முதலில் தூரத்தைத்தான் பார்த்தோம். பார்த்திருக்க வேண்டியது கோயில் நடை சாத்தும் நேரத்தை. மத்தியானப் பூசை முடிந்து சாத்தினால் பின்னேரம் நாலு மணியளவில்தான் திறப்பார்கள். இடையில் உள்ள அந்த உச்சி வெயில் நேரத்தில், முழங்கால் வருத்தக்காரியான அம்மாவையும் எட்டும் பன்னிரண்டும் வயதுள்ள இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எங்கே இருப்பது? இந்தக் கேள்வியைத் திருகோணமலை வாசலில் நின்றுதான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டோம்.

திருகோணமலைக் கோணேசர் கோயில் என்றால் சும்மாவா என்று முதலில் அங்கேதான் வெளிக்கிட்டோம். ஏ9 வீதியால் வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் போனால் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கி, வவுனியாவில் சாப்பிட்டு, பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஒன்றரை. கோட்டைக்குள் மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் திரியும். அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை ஒரு மான் வந்து இழுத்தது. மேலே ஏறிப்போனால் கதவு சாத்தியிருந்தது. “பிள்ளை, மானாவது சாப்பிட்டுதே, விடு” என்றார் அம்மா.

குறை எங்களுடையது, கோயிலுடையது அல்ல. சம்பந்தர் பாடிய தலம், 1622ல் போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளிய கோயில், 1963ல் மறுபடி குடமுழுக்குக் கண்டது. பின்னேரப் பூசை முடிந்து வெளியே வந்து, இராவணன் வெட்டுக்கு மேலே நின்று கீழே கடலைப் பார்த்தபோது மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த நாள் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சூடு பார்த்து, எது கூடச் சூடு என்று சண்டை பிடித்தார்கள். நிலாவெளிக் கடலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடல் வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில்தான் அடங்கியிருக்கும். மார்கழி லீவில் போனால் கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். இரண்டு இரவு தங்கமுடியாவிட்டால் திருகோணமலையை விட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு இரவு தங்கினோம், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தோம். தங்கிய இடத்தில் பதிவு செய்த அறை இல்லையென்று வேறொரு அறையில், ஒரே கட்டிலில் ஐந்து பேரைப் படுக்கவைத்த கதையும் உண்டு; பெயர் வேண்டாம்.

நயினாதீவு இதற்கு நேர் எதிர். மத்தியானச் சிக்கல் அங்கே இல்லை, மத்தியானத்துக்காகவே அங்கே போகவேண்டும். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம், பிறகு இருபது நிமிஷம் படகு. பூசை பார்த்து, அன்னதானத்துக்குப் பந்தியில் இருந்துவிட்டால் வெயில் தணியத் தொடங்கும்போது திரும்பிவிடலாம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். வயிறு நிறைந்தபிறகு அந்த வாதத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. தென்னிலங்கையிலிருந்து வெள்ளை உடுப்போடு வரும் குடும்பங்களும் நாங்களும் ஒரே படகில் முழங்கால் இடிபட இருந்துதான் போனோம்.

அந்த முழங்கால்தான் இதில் பிரச்சினை. படகின் அடித்தட்டுக்குக் குனிந்து, குறுகிய படியால் இறங்கவேண்டும். அம்மாவை இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தென்மேற்குச் சோளகக் காற்று பலமாக அடிக்கிற மாதங்களில் படகு ஆட்டமும் சேரும். வானை வைத்திருக்கிறவருக்கும் இது அவ்வளவு பிடிக்காது, ஏனென்றால் வான் நாள் முழுக்கக் குறிகட்டுவானில் நிற்கும். இரண்டு பக்கமும் கடல் நிற்கும் அந்தத் தாம்போதிகளில் ஓடுகிற சுகம் மட்டும் மிச்சம். திரும்பும்போது சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் விடலாம். அதே நாளில் நெடுந்தீவையும் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும். செலவு குறைவு, அலைச்சல் குறைவு. வீடு மாறிய முதல் மாதத்தில் கையில் காசு இல்லாத வெள்ளிக்கிழமைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மன்னாருக்குக் கடைசியாகத்தான் போனோம். முதலில் போயிருக்கவேண்டும்.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, நாவற்குழியில் திரும்பி ஏ32 வீதியைப் பிடித்தோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் சூரியன் வந்தது. 2011ல் திறந்த, 288 மீற்றர் நீளமான பாலம். அதற்கு முன்பு கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் ‘பாதை’ என்று எங்கள் ஆட்கள் சொல்லும் மிதவைதான் ஓடியது. அம்மா வானை நிப்பாட்டச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியைப் பதித்துவிட்டுக் கிழக்குப் பக்கம் கையைக் காட்டி, “நாங்கள் கிளாலியாலதான் போனனாங்கள், இரவில” என்றார். 1995 இடப்பெயர்வைச் சொல்கிறார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் வானை எடுத்தார்.

பூநகரி தாண்டினால் நீண்ட, நேரான, ஆளில்லாத றோட்டு. ஒரு பக்கம் கடல் வாடை, மறுபக்கம் வயலும் பற்றைக்காடும். இவருக்கு இந்த ஒரு றோட்டே போதுமாக இருந்தது. ஆனால் கடைகளும் பெற்றோல் செட்டும் குறைவு. யாழ்ப்பாணத்திலேயே எண்ணெய் நிரப்பி, தண்ணீரும் பாணும் சம்பலும் கொண்டுபோங்கள். பூநகரியில் மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் விடாதீர்கள்.

திருக்கேதீச்சரத்துக்கு இந்த வழியால் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். காலைப் பூசை, பாலாவித் தீர்த்தக் கரை, பிரகாரத்தில் அம்மா ஆறுதலாக மூன்று சுற்று, எல்லாம் பத்தரைக்குள் முடிந்தது. அன்றைய கோயில் கடமை தீர்ந்தது. உச்சி வெயிலுக்கு மன்னார் நகரில் சோறும் நித்திரையும். பின்னேரம் பள்ளிமுனையில் பெருக்கமரம் (பாவோபாப்). சுற்றளவு 19 மீற்றருக்கு மேல் என்கிறார்கள். எங்கள் வீட்டு ஐந்து பேரும் கைகோத்துப் பாதிகூட எட்டவில்லை. 1560ல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையைவிட, தெருவில் தன்பாட்டில் திரிந்த கழுதைகள்தான் மகனுக்கு முக்கியம். “அம்மம்மா, இதுக்கு வீடு எங்க?” என்று ஒவ்வொரு கழுதைக்கும் கேட்டான். வீடு மாறின பிள்ளையின் கேள்வி என்று எனக்குப் பட்டது. அம்மா அப்படியெல்லாம் யோசிக்காமல் “மன்னார் முழுக்க அதுகளின்ர வீடுதான்” என்றார்.

அடுத்த நாள் மடு மாதா தேவாலயம். சைவக் குடும்பத்துக்கு மடுவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் வன்னியில் இருந்திராதவர்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மா சில மாதம் மடுத் தேவாலய வளவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர். கொக்குவில் வீட்டுக்குத் திரும்பினால் மெழுகுதிரி ஏற்றுவேன் என்று அப்போது வைத்த நேர்த்தி இது. மடுவுக்கு இன்னொரு வசதியும் உண்டு: அங்கே மத்தியானத்தில் நடை சாத்துகிற வழக்கம் இல்லை. பதினொன்றரைக்குப் போனோம். பெரிய மரங்களுக்குக் கீழே பாய் விரித்து, கட்டிக்கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, அம்மா படுத்தே விட்டார்.

இந்த இரண்டு தலங்களையும் ஒரே பயணத்தில் பார்த்தால்தான் ஒன்று விளங்கும். கேதீச்சரம் இருப்பது மாந்தையில். மடு மாதாவின் சொரூபமும் முன்பு இருந்தது மாந்தையில்தான். போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள். பின்னர் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்க, 1670ல் அவர்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். 2008ல் சண்டை நெருங்கியபோது அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், சில மாதங்களில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தேவன்பிட்டி நாங்கள் முதல் நாள் வந்த ஏ32 பக்கம்தான். மாதாவும் இரண்டு முறை இடம்பெயர்ந்தவ என்று மகளுக்குச் சொன்னேன். “அப்ப அம்மம்மாவைப் போல” என்றாள்.

ஓகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டி மடுவுக்கும், சிவராத்திரிக்குக் கேதீச்சரத்துக்கும் நேர்த்தி இருந்தால் போங்கள், ஊர் பார்க்கிற எண்ணத்தோடு போகாதீர்கள். சனத்துக்குள் இரண்டையும் சேர்த்துச் செய்யமுடியாது. திரும்பும்போது வந்த வழியால் வரவேண்டாம். மடுவிலிருந்து வவுனியாவுக்கு ஏறி ஏ9 வீதியைப் பிடித்தால் ஒரு வட்டம் முடியும், மொத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல். காட்டுப் பகுதியில் யானை உண்டு, ஆகவே இருட்ட முன்பு வவுனியாவைத் தாண்டிவிடுங்கள். முறிகண்டிக் கச்சானும் இந்த வழியில்தான் கிடைக்கும். திருகோணமலைப் பயணத்துக்குச் சாதகமாக இருந்த ஒரு புள்ளியும் இதோடு போய்விட்டது.

குறை ஒன்று உண்டு. மன்னாரில் இவர் கருவாடு வாங்கினார். மடு முடியும்வரை வாங்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தும், பெருக்கமரத்துக்குப் போன நேரத்தில் கமுக்கமாக வாங்கி, மூன்று பை போட்டுக் கட்டி, மேலதிக ரயருக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்தார். ஒரு நாள் வெயில் பட்டதும் அது பேசத் தொடங்கிவிட்டது. முறிகண்டி வந்ததும் அம்மா ஒன்றும் தெரியாதவர் போல, “தம்பி, பிள்ளையாருக்கு மணக்காத தூரத்தில வானை நிப்பாட்டுங்கோ” என்றார். கச்சான் கடைகளுக்கும் அப்பால் போய் இவர் நிப்பாட்ட, அம்மா அந்த முழங்காலோடு அவ்வளவு தூரமும் நடந்து போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.